பேராசிரியரின் தாள்கள் பிழைத்தன

அன்புள்ள அனைவருக்கும்,

மறைந்த நம் பேராசிரியர் அய்யாவின் தாள்கள் தண்ணீரில் நனைந்தும் பிழைத்துவிட்டன. எல்லாமே என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பகுதி காய்ந்து, பெட்டிகளில் ஏறி, தண்ணீர் எட்டாத ஓர் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நடந்தது உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்ல மனமில்லை. நன்றியை மட்டும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி, சுமை இறக்க வந்த அந்தத் தம்பிக்கு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. நம் அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் 12 தொகுதிகளிலும் அய்யா குறிப்புச் சீட்டுகள் செருகி வைத்திருந்தது அவரிடம் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். நனைந்த முதல் தொகுதியை மேசையில் வைத்தவர், அதைப் பிரிக்காமல் நின்றார். "சார், சீட்ட உருவிட்டா எது எந்தப் பக்கம்னு அப்புறம் எப்படித் தெரியும்?" என்றார். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும் என்று பென்சில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பக்க எண்ணைக் குறித்த பிறகுதான் அதை வெளியே எடுத்தார். கூலி பேசியது மூட்டை தூக்க மட்டும். அவரோ இரவு வெகுநேரம் வரை உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்.

அது எவ்வளவு பெரிய உதவி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. "1921ஐப் பார்", "அல்லாடி சொல்வதோடு ஒப்பிடு" (அந்தச் சபையின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்) என்று இரண்டு மூன்று சொற்களில்தான் அய்யா குறிப்பு எழுதுவார். பக்கம் தெரியாவிட்டால் அந்தச் சீட்டு வெறும் காகிதம். பக்கம் தெரிந்தால் ஒரு முழு வாதம். நம் அரசியலமைப்பின் கதையை, அந்தச் சபை முதன்முதலில் கூடிய 1946 டிசம்பரில் தொடங்கக் கூடாது என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் சொன்னது. 1919 இந்திய அரசுச் சட்டம், மாகாணத் துறைகளை ஆளுநர் தரப்பும் அமைச்சர்களும் பங்கிட்டுக்கொண்டு ஆண்ட, 1920 தேர்தலோடு வந்த இரட்டையாட்சி, 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை தரச் சென்னை சட்டமன்றம் எடுத்த முடிவு, 1937இல் ராஜாஜி அமைத்த அமைச்சரவை எல்லாம் பின்னால் டெல்லியில் அந்தச் சபையில் பேசியவர்களின் பேச்சில் எங்கெங்கே எட்டிப் பார்க்கின்றன என்று தேடியதுதான் அவருடைய வேலை. அச்சில் வந்தது கொஞ்சம். மீதியெல்லாம் இந்தச் சீட்டுகளில்தான் இருக்கிறது.

ஒரு சீட்டைத் தம்பி உரக்கப் படித்தார்: "செண்பகம் துரைராஜன். விண்ணப்பமே போடவில்லை." யார் சார் இவங்க என்று கேட்டார். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்காமலே, கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையால் இடம் கிடைக்காது என்று 1950இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் என்றேன். அரசாணை செல்லாது என்று தீர்ப்பானதையும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னதையும், அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவு வந்ததையும் சொன்னேன். கையில் சீட்டோடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கோர்ட்டு செல்லாதுன்னதுக்காக சட்டத்தையே மாத்திட்டாங்களா? அதுக்கு யாரும் எதிர்த்துப் பேசலையா?" என்று கேட்டார். அய்யா இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பு முழுவதையும் கொடுத்திருப்பார். எதிர்த்தவர்கள் யார் யார், நேரு என்ன பதில் சொன்னார் என்று நான் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அய்யா போன பிறகு அவருடைய பாடத்தை நான் யாருக்காவது நடத்தியது அன்றுதான்.

மை ஒற்றும் தாள் வாங்கி வந்தவர்கள், மின்விசிறிகளைக் கொடுத்தவர்கள், வெயிலில் போடாதீர்கள் என்று சரியான நேரத்தில் தடுத்த நூலகர், பணம் அனுப்பிய பழைய மாணவர்கள், வீட்டின் கூடம் முழுவதையும் எங்களிடம் விட்டுவிட்டு வேளாவேளைக்குச் சோறும் போட்ட அம்மா, எல்லோருக்கும் என் வணக்கம். ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும். இப்போது அதற்குத் தெம்பில்லை.

இனி இந்தச் சீட்டுகள் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் படமெடுத்து, தட்டச்சு செய்து, எந்த மாணவரும் தேடிப் படிக்கும்படி வைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். சென்னை சட்டமன்றம் பற்றிய சீட்டுகளில் தொடங்குகிறேன். முதல் திருத்தம் பற்றி அவர் பாதியில் விட்ட அத்தியாயத்தையும் அப்படியே, ஒரு சொல்லும் சேர்க்காமல், வெளியிடுவேன். அவர் கையெழுத்தைப் படிக்கப் பழகியவர்கள் வாருங்கள். வகுப்புக் குறிப்புகளோ கடிதங்களோ வைத்திருப்பவர்கள் மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு நகல் மட்டும் கொடுங்கள், போதும்.

நன்றியுடன்,
அய்யாவின் மாணவன்