நாலு சிரட்டை, ஒரு வாசகம்

மட்டக்களப்பு
ஜூன் 24

அன்பின் சினேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகமாயிருப்பது அறிந்து சந்தோசம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. யன்னலைத் திறந்தால் மேசையில் ஒரு கடதாசி நிற்காது. அம்மன் கோயில் சடங்குகள் எல்லாம் முடிந்து ஊர் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

மறைக்கல்விப் பொறுப்பு உன் தலையில் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். 4 வயதிலிருந்து 16 வயது வரை 30 பிள்ளைகள், ஒரே மண்டபம், உதவிக்கு இரண்டு பேர், திருப்பலிக்குப் பிறகு முக்கால் மணித்தியாலம். இத்தனை வயதுக்கும் ஒரே வாசகத்தை எப்படிக் கொடுக்கிறது என்று கேட்டிருந்தாய். கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேணும். அன்று கோயிலில் வாசித்த நற்செய்தியே எல்லோருக்கும். வீட்டுக்குப் போன பிறகு அண்ணனும் தங்கச்சியும் அம்மம்மாவும் பேசிக்கொள்ள ஒரே கதை இருக்கும். வயதுக்கு வயது மாற வேண்டியது நீ கேட்கும் கேள்வியும் கொடுக்கும் நேரமும்தான்.

ஜூலை 12 பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு. திருப்பலி வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இது முதலாம் ஆண்டு என்பதால் மத்தேயு 13இல் வரும் விதைப்பவர் உவமை: விதைத்தது பாதையிலும் பாறையிலும் முள்ளுக்குள்ளும் விழுந்து வீணாகிறது, நல்ல நிலத்தில் விழுந்தது 100, 60, 30 மடங்கு விளைகிறது. அதையே உதாரணமாக வைத்து எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய உவமை இல்லை.

முதலில் எங்கே பிழைக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்த கையோடு, "இந்த உவமையில் இருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்று கேட்டுவிடுகிறோம். இரண்டு நொடியில் பதில் வரும்: "நாங்க நல்ல நிலமா இருக்க வேணும் டீச்சர்." பதில் சரிதான். ஆனால் அதைச் சொன்ன கணமே பிள்ளை வேதத்தை மூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கத்தோலிக்கம் ஒரு பாடம், சாதாரண தரம் வரை அதற்குப் புள்ளி உண்டு. பிள்ளைகள் கேள்வியைக் கண்டால் புள்ளி கிடைக்கும் பதிலைத் தேடப் பழகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் நாம் அதே மாதிரிக் கேட்டால் அதே மாதிரித்தான் பதில் வரும். ஆகவே உனக்கே முழுப் பதில் தெரியாத கேள்வியைக் கேள். "இதில் எந்த இடம் உனக்குப் பிடிச்சது? எந்த இடம் பிடிக்கேல்ல? அவர் ஏன் பாதையிலயும் எறிஞ்சவர்?" இந்த மூன்றும் போதும். எந்தப் பதிலுக்கும் "கெட்டிக்காரி" என்று சொல்லாதே. ஒரு பதிலைப் புகழ்ந்தால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் அதையே திருப்பிச் சொல்லும். "சரி, இன்னும்?" என்று கேட்டால் போதும்.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்: முதல் 10 நிமிடம் எல்லோரும் ஒன்றாக, பிறகு 25 நிமிடம் குழுக்களாக, கடைசி 10 நிமிடம் திரும்பவும் ஒன்றாக. தொடக்கத்தில் வாசகத்தைத் திருவிவிலியத்தில் இருந்தே வாசிக்கவேணும், உன் சொந்த வார்த்தையில் சொல்லாதே. 1973 நவம்பர் 1இல் உரோமை வெளியிட்ட சிறுவர் திருப்பலி வழிகாட்டியும் இதையே சொல்கிறது: மற்ற வாசகங்களைக் குறைக்கலாம், நற்செய்தியை ஒருபோதும் விடக்கூடாது, வேதத்தை வேறு வார்த்தையில் மாற்றிச் சொல்வதையும் தவிர்க்கவேணும். நீளமான வாசகத்துக்கு வாசகப் புத்தகத்திலேயே குறுகிய வடிவமும் இருக்கும். இந்த ஞாயிறு 1 முதல் 9 வரையான வசனங்களே போதும். 18 முதல் 23 வரை வரும் விளக்கத்தைப் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள். சின்னவர்களுக்கு அதை முதலே சொல்லிவிட்டால் நிலம் போய் நெஞ்சம் வந்துவிடும், "கல்நெஞ்சம்" என்றால் நெஞ்சுக்குள் கல் கிடப்பதாகவே அவர்கள் நினைப்பார்கள்.

வாசிக்கும் முன் ஒரு சின்ன மணியை ஒரே ஒரு தரம் அடி. சத்தம் முழுக்க ஓயும்வரை காது கொடுக்கச் சொல், ஓய்ந்ததும் கையை உயர்த்தட்டும். "அமைதி, அமைதி" என்று பத்துத் தரம் கத்துவதைவிட அந்தப் பதினைந்து நொடி மேல்.

இனி நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள். இவர்களுக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாயில் வட்டமாக இருத்தி, ஒரு சுளகில் மணல், கல்லு, நல்ல மண் என்று மூன்று பக்கமும் பரப்பி வை. நாலாவது பக்கத்துக்கு நிசமான முள் வேண்டாம், காய்ந்த புல் போதும். கதையை மெதுவாகச் சொல்லிக்கொண்டு நெல்லை ஒவ்வொரு பக்கமும் நீயே விழவிடு. நெல் உன் கையில்தான் இருக்கவேணும். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒன்றாவது மூக்குக்குள் போகும். சொல்லி முடித்ததும் பேசாமல் இரு. "நீங்கதான் அந்த நிலம்" என்று சொல்லவே சொல்லாதே. உரோமையில் 1954 முதல் சின்னப் பிள்ளைகளோடு, ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் நல்லாயன் உவமையை வைத்துப் பணி செய்த சோபியா கவலெத்தி இதைத்தான் வலியுறுத்தினார்: ஆடுகள் யார் என்று நாம் சொல்லக்கூடாது, பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கவேணும். சிலது அன்றைக்கே கண்டுபிடிக்கும், சிலதுக்கு மாதங்கள் ஆகும். ஆறு வயதுக்கு முந்திய பிள்ளைக்கு அந்த உவமையில் படுவது தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுபவரின் அன்பு. நல்லது கெட்டது பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். இந்த வரிசையை மாற்றினால் கடவுள் என்றாலே கண்டிக்கிறவர் என்று பதிந்துவிடும்.

ஆறு முதல் எட்டு வரைக்குச் சிரட்டை வேலை வைத்துக்கொள். இதை ஒரு கிழமை முன்பே, ஜூலை 5ஆம் தேதி ஞாயிறு, தொடங்கவேணும். நாலு சிரட்டை, 40 பயறு. அதில் 30ஐ மட்டும் முதல் நாள் இரவே ஊறப்போடு. முதலாவது சிரட்டையில் களிமண்ணை இறுக்கி வெயிலில் காயவைத்து வை. இரண்டாவதில் முக்கால்வாசி கல்லு, மேலே ஒரு விரல் தடிப்புக்கு மணல். மூன்றாவதில் கோரைக் கிழங்கோடு அள்ளிய மண். நாலாவதில் மாட்டெரு கலந்த நல்ல மண். முதலாவதை மட்டும் சும்மா விட்டு மற்ற மூன்றிலும் பத்துப் பத்தாக ஊன்று. வியாழன் வரை ஒவ்வொரு நாளும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், மூன்றுக்கும் ஒரே அளவு. வெள்ளியும் சனியும் தண்ணீரை நிறுத்தி வெயிலில் வை. மிச்சம் பத்துப் பயற்றையும் சனிக்கிழமை காலை முதலாவது சிரட்டையில் தூவி முற்றத்தில் வைத்துவிடு. மத்தியானத்துக்குள் கோழி பார்த்துக்கொள்ளும்.

இதில் பிள்ளைகளை உலுக்குவது இரண்டாவது சிரட்டை. கல்லுக்கு மேல் போட்டதுதான் பெரும்பாலும் முதலில் எழும்பும். மண் மெல்லிசு என்பதால் கெதியாய்ச் சூடேறும், முளை மேலே வரத் தூரமும் இல்லை. "அதுதான் நல்லா வருது!" என்று கொண்டாடுவார்கள். வெள்ளிக்கிழமை கச்சான் பட்டதும் அதுவே முதலில் சாயும். பிறகு வசனத்தை எடுத்து வாசித்தால், மண் ஆழமில்லாததால் விரைவில் முளைத்தன என்று அப்படியே எழுதியிருக்கிறது. நூறு தரம் விளக்கினாலும் அந்த ஒரு சொல் இப்படிப் பிடிபடாது. மூன்றாவது சிரட்டை மட்டும் ஒரு கிழமைக்குள் ஒன்றும் காட்டாது. கோரை பயற்றை நெருக்க நாள் வேணும். ஏமாந்துவிடாதே, அதை எறியாமல் வைத்துக்கொள். ஜூலை 19ஆம் தேதி வாசகம் களைகள் உவமை, அந்தச் சிரட்டை அன்றைக்கு வேலைக்கு உதவும். கோரையைப் பிடுங்கச் சொல். பயறும் சேர்ந்து வரும். "இரண்டையும் வளரவிடுங்கள்" என்று வீட்டுத் தலைவர் சொன்னது ஏன் என்று அவர்களே சொல்லுவார்கள்.

படம் வரையக் கொடுத்தால் வெற்றுத் தாள் கொடு. கோடு போட்ட படத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து நிறம் தீட்டக் கொடுப்பது அமைதிக்கு நல்லது, தியானத்துக்கு உதவாது. அதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதைப்பவர்தான். "நீ எங்க நிண்டு பாத்தாய்? உன்னையும் வரை" என்று சொல். ஒன்று கரையில் நிற்கும், ஒன்று பறவையாகவே இருக்கும். "இது என்ன?" என்று கேட்காதே, "இதைப் பற்றிச் சொல்லு மனே" என்று கேள்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடும் வயது. பிழைத்துவிடுமோ என்ற பயம் முகத்திலேயே தெரியும். இவர்களுக்குக் கணக்கு கொடு. ஒரு ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் என்று வைத்துக்கொள். 30 மடங்கு என்றால் 60 புசல். 60 மடங்கு என்றால் 120. 100 மடங்கு என்றால் 200 புசல். பிறகு, வயல் செய்யும் அப்பாவிடமோ அப்பப்பாவிடமோ ஏக்கருக்கு எத்தனை விளையும் என்று கேட்டுவரச் சொல். 100 புசல் விளைந்தாலே நல்ல விளைச்சல் என்பார்கள். இயேசு சொன்ன எண்கள் எவ்வளவு பெரியவை என்று அப்போது விளங்கும். விழுந்ததில் மூன்று பங்கு வீணாய்ப் போனாலும் மிச்சம் இவ்வளவா என்ற ஆச்சரியம்தான் இந்த உவமையின் உயிர். நாம் வீணாய்ப் போன மூன்றையே பேசிப் பேசி அதை மறந்துவிடுகிறோம். உவமையில் வரும் விதை கோதுமையோ வாற்கோதுமையோ, நம் நெல் இல்லை, கணக்கு ஒப்புக்குத்தான் என்றும் சொல்லிவிடு. இரண்டாம் வசனத்தையும் விடாதே: இயேசு படகில் இருக்கிறார், சனம் கரையில் நிற்கிறது. வாவிக்கரைப் பிள்ளைக்கு அது சொல்லாமலே விளங்கும்.

இவர்களிடம் பதில் எழுதி வாங்காதே, கேள்வி எழுதி வாங்கு. ஆளுக்கு இரண்டு கேள்வி, பேர் போடாமல், மடித்து ஒரு பால்மா ரின்னுக்குள் போடட்டும். "நிலம் தன்னைத்தானே மாத்த ஏலுமா?" மாதிரி ஒன்று வரும். அன்றைக்கே பதில் சொல்லாதே, ஒரு கிழமை கிடக்கட்டும்.

பெரிய பிள்ளைகளைப் பற்றித்தான் நீ மிகவும் கவலைப்பட்டிருந்தாய். வாய் திறக்கிறார்கள் இல்லை என்று. சின்னவர்களுக்கு முன்னால் திறக்கமாட்டார்கள்தான். மண்டபத்தில் அவர்களை இருத்தாதே, வெளியே மரநிழலில் இருக்க ஒரு வாங்கு போதும். வசனத்தை மூன்று தரம் வாசிக்கவேணும், ஒவ்வொரு தரமும் வேறு ஒருவர். முதல் தரம்: எந்தச் சொல் உன்னைப் பிடித்து நிறுத்துகிறது? இரண்டாம் தரம்: ஏன்? மூன்றாம் தரம்: கடவுளிடம் இதைப் பற்றி என்ன சொல்லுவாய்? இடையில் இரண்டு மூன்று நிமிட அமைதி. அதற்குமேல் போனால் கைத்தொலைபேசி வெளியே வரும். முதலில் இரண்டு இரண்டு பேராகப் பேசட்டும், பிறகுதான் எல்லோரும். மூன்றாவது கேள்விக்கான பதிலைச் சத்தமாகச் சொல்லும்படி ஒருபோதும் கட்டாயப்படுத்தாதே. விளக்க வசனங்களைக் கொடுக்கும்போது 12ஆம் வசனத்தையும் மறைக்காதே, உள்ளவருக்கு மேலும் கொடுக்கப்படும் என்று வருகிறதே, அது. "இது நியாயமில்லை" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பிள்ளை உண்மையாய் வாசித்திருக்கிறது என்று அர்த்தம். ஞாயிறு ரியூசன் என்று வராமல் விடுபவர்களை வாசகராகப் பழக்கு. பொறுப்பு கொடுத்தால் வருவார்கள்.

ஒரு விசயம் மட்டும் பாருகா, மிகக் கவனமாக. ஆகஸ்ட் 9ஆம் தேதி இயேசு கடல்மேல் நடக்கும் வாசகம். உங்கள் கரையிலும் எங்கள் கரையிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியை அறியாத வீடு இல்லை. இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தே வளர்கிறார்கள். "நம்பிக்கை இருந்தால் மூழ்கமாட்டோம்" என்று சொல்லிவிடாதே. மூழ்கியவர்களுக்கு நம்பிக்கை இல்லையா என்று ஒரு பிள்ளை மனதுக்குள் கேட்கும், வெளியே கேட்காது. அன்று நிற்கவேண்டிய இடம், பேதுரு கத்தினதும் இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்த இடம். புயல் சத்தம், விளக்கு அணைப்பு ஒன்றும் வேண்டாம்.

அப்படியே 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. இங்கே சீயோன் தேவாலயத்தில் உயிர் போனவர்களில் பிள்ளைகள் பலர், ஞாயிறு வகுப்பு முடிந்து நின்றவர்கள். மட்டக்களப்பில் மறைக்கல்வி எடுக்கும் எவரும் அதை மறந்து கதவைத் திறப்பதில்லை. ஒரு பிள்ளை அதைப் பற்றிக் கேட்டால், "கடவுள் விரும்பி எடுத்துக்கொண்டார்" என்று எக்காரணத்துக்கும் சொல்லாதே. கடவுள் பிள்ளைகளை எடுப்பவர் என்றுதான் அது போய்ச் சேரும். "எனக்கும் தெரியாது, எனக்கும் அழுகை வருது" என்பது உண்மை, அதைச் சொல். திருப்பாடல் 13ஐச் சேர்ந்து வாசியுங்கள், இன்னும் எவ்வளவு காலம் என்று கடவுளிடமே கேட்கும் பாடல் அது. ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். அன்றைக்கே பிள்ளையின் தாய் தகப்பனிடம் இன்னது கேட்டது என்று சொல்லிவிடு.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு குழுவும் ஒன்றை மட்டும் கொண்டுவரட்டும்: சிரட்டை, ஒரு படம், ரின்னில் இருந்து ஒரு கேள்வி, பெரியவர்களிடம் இருந்து ஒரு சொல். நீ ஒன்றும் முடித்துவைக்காதே. கை உன்னை அறியாமல் நீளும், "ஆகவே பிள்ளைகளே" என்று வாய் வரும். விழுங்கிவிடு. அதே வசனத்தை இன்னொரு தரம் வாசித்து, சிலுவை அடையாளம் போட்டு அனுப்பிவிடு.

பயறு வாங்கும்போது புதுசாய்ப் பார்த்து வாங்கு, பழசு பாதிகூட முளைக்காது. சிரட்டைகளை மேற்குப் பக்கச் சுவரோடு வைக்காதே, வியாழனுக்கு முன்னமே கச்சான் எல்லாவற்றையும் கருக்கிவிடும். 12ஆம் தேதி முடிந்ததும் ரின்னில் விழுந்த கேள்விகளை அப்படியே எழுதி அனுப்பு, எழுத்துப் பிழையைத் திருத்தாமல்.

அன்புடன்,
உன் சினேகிதி