தடுப்புச் சுவரும் தூங்கியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், 'பாலத்தின் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு மினி லாரி ஆற்றில் கவிழ்ந்தது. டிரைவர் கண்ணயர்ந்ததே காரணம்' என்று போட்டிருந்தீர்கள். டிரைவர் தூங்கினார், சரி. தடுப்புச் சுவரும் தூங்கியதா?

நான் காவேரிப்பட்டணத்திலிருந்து இருபத்தாறு வருஷம் மாங்காய் லோடு அடித்தவன். அந்தப் பாலத்தில் சுவரே கிடையாது. இடுப்புக்குக்கூட வராத சிமெண்ட் கால்கள், அவற்றின் துளையில் செருகிய இரும்புக் குழாய்கள். நடந்து போகிறவன் கை வைக்கப் போட்டது. ஓரிடத்தில் அந்தக் குழாயையும் யாரோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே சவுக்குக் கம்பு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. துணி இப்போது வெள்ளைத் துணி. லாரி போனது அந்த வழியாகத்தான். அமைச்சர் வருகிறார் என்றால் மட்டும் மிச்சமிருக்கும் கால்களுக்குக் கறுப்பும் மஞ்சளும் அடித்துவிடுவார்கள்.

இதே மாதிரி ஒரு பாலத்தில் 2009-ல் மழை இரவில் என் வண்டி வழுக்கியது. முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி எம்பி, குழாயைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் வெளியே தொங்கியது. கிளீனர் பையன் கதவைத் திறந்து காலை வைக்கப் போனான். கீழே தரை இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பட்டன் என் கையோடு வந்தன. மறுநாள் நீங்கள் போட்டது, 'அதிவேகம்'. லோடு வண்டி, மழை, முப்பதைத் தாண்டவில்லை ஐயா. மறுப்புக் கடிதம் எழுதினேன், வரவில்லை. ராசிபலன் மட்டும் வாரம் தவறாமல் வந்தது.

பாலிடெக்னிக் படித்த என் தங்கை மகன் சொல்கிறான்: "மாமா, சாலைக்கும் பாலத்துக்கும் விதி எழுதுற அமைப்பு இந்தியச் சாலைக் காங்கிரஸ். அதோட விதியிலேயே இருக்கு. சாதாரணத் தடுப்பு ஒன்றரை டன் கார் 110 கிலோமீட்டர் வேகத்தில் சாய்வாக மோதினால் தாங்கணும். பெரிய வகை, 30 டன் வண்டி 60-ல் மோதினாலும் தாங்கணும்." அடியில் சரிவாக வார்த்த கான்கிரீட் என்றால் சக்கரம் கொஞ்சம் ஏறி மறுபடி ரோட்டுக்கே திரும்புமாம். பெரிய வகை ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம் மாதிரி ஆபத்தான இடங்களுக்காம். கீழே போகிற ரயிலுக்கு உயிர் உண்டு, நல்லது. ஆற்றுக்கு மேலே போகிறவன் என்ன மாங்காயா?

2024 ஜனவரியில் தொப்பூர் கணவாய்ப் பாலத்திலிருந்து லாரி கீழே விழுந்த வீடியோவை நாடே பார்த்தது. அந்த விபத்தில் நான்கு பேர் போனார்கள். அதற்குப் பிறகாவது பாலத்தின் ஓரத்தைப் பற்றி நீங்கள் நாலு வரி எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். தாங்கள் அறியாததா?

புதுப் பாலம் கேட்கவில்லை. உங்கள் போட்டோகிராபரை ஒருநாள் இரவு ஏழு மணிக்கு மேல் அந்த இடத்துக்கு அனுப்புங்கள். படத்தைப் பார்த்தாவது, குழாய் போடும் வரை அங்கே மண் நிரப்பிய இரண்டு டிரம்மும் ஒளிரும் ஸ்டிக்கரும் வைப்பார்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் டார்ச் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பழைய லோடு வண்டிக்காரன்,
காவேரிப்பட்டணம்.