மணலில் பாதை உண்டு, கழிப்பறை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்ட மரப்பாதை, சக்கர நாற்காலியில் வருவோரையும் அலையருகே கொண்டுசேர்க்கிறது, பாராட்டத்தக்க பணி. ஆனால், கடற்கரைக்கு வந்தவருக்குக் கழிப்பறையும் தேவையல்லவா? தமிழகத்தின் கடற்கரைச் சுற்றுலாத் தலங்கள் பலவற்றில் கழிப்பறைக்குள் படியேறித்தான் நுழைய வேண்டியிருக்கிறது; சாய்தளம் உள்ள இடங்களிலோ கதவு குறுகலாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கான அறை பூட்டப்பட்டு வாளியும் துடைப்பமும் அடுக்கும் கிடங்காகவும் இருப்பதைக் காணலாம். இதற்கு அஞ்சியே பலர், குறிப்பாகப் பெண்கள், வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுக் கட்டடங்களை அனைவரும் பயன்படுத்தும் வகையில் மாற்றியமைக்க, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டு அவகாசம் அளித்தது. விதிகள் 2017-இல் வெளிவந்தன, அவகாசமும் முடிந்துவிட்டது. அகலமான கதவும், நாற்காலி திரும்புவதற்கான இடமும், உப்புக்காற்றில் துருப்பிடிக்காத கைப்பிடியும் மலைக்கவைக்கும் செலவல்ல. உள்ளாட்சி அமைப்புகள் இவற்றை அமைப்பதோடு, விடுமுறை நாள்களின் மாலை நேரத்திலும் கழிப்பறையைத் திறந்து வைத்திருப்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை