களவாக் குஞ்சுக்கு முதல் உணவு: பொரிப்பக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடல்மீன் குஞ்சுப் பொரிப்பகம் நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

கொடுவாவை 1997-இல் முட்டுக்காட்டிலும் கடல் விராலை 2010-இல் மண்டபத்திலும் பொரிக்க வைத்துக் காட்டினார்கள். முதலில் ரோட்டிபர் என்ற நுண்ணுயிர், அப்புறம் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால் என்ற உணவு வரிசை அவற்றின் குஞ்சுகளுக்குச் சரியாக வந்தது. களவாவுக்கும் செப்பிலிக்கும் அதையே போடுகிறோம். முதல் வாரத்திலேயே குஞ்சுகள் கொத்தாகச் செத்தால், பழி தண்ணீர் மேல் விழுகிறது.

குஞ்சின் வாயை ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள். அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியாவே 400 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல். களவாக் குஞ்சுக்குச் சிறு ரக ரோட்டிபரே பெரிய கவளம். கோபிபாட் என்பது கடலில் மிதந்து வாழும் நுண்ணிய ஓட்டுடலி. அதன் சிறிய இனங்களில், முட்டையிலிருந்து வந்த இளம் புழுவான நாப்ளியோ 100 மைக்ரானுக்கும் கீழே. அது விட்டுவிட்டுத் துள்ளி நீந்துவதால் குஞ்சின் கண்ணிலும் படும். குஞ்சு வளரத் தேவையான டிஹெச்ஏ என்ற கொழுப்பு அமிலம் அதன் உடம்பிலேயே உண்டு. ஆர்ட்டீமியாவில் அது கிட்டத்தட்ட இல்லை. நாம் தீனியில் கலந்து ஏற்றினாலும் ஆர்ட்டீமியா அதைக் கொஞ்ச நேரத்தில் வேறாக மாற்றிவிடுகிறது. அமெரிக்க உப்பு ஏரியிலிருந்து வரும் ஆர்ட்டீமியா முட்டை டப்பாவுக்கு இவ்வளவு விலை கொடுத்தும் இந்தக் குறை தீராது.

கோபிபாட் வளர்ப்பதும் லேசல்ல, ஒத்துக்கொள்கிறேன். ரோட்டிபர் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் நூற்றுக்கணக்கில் நிற்கும். கலனாய்டு என்ற வகைக் கோபிபாட் ஒன்றிரண்டு நின்றாலே நல்ல தொட்டி. ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றினால் நடக்காது, உயிருள்ள பாசி வேண்டும். ஒரே வாளியை இரண்டு தொட்டிக்கும் மாற்றிப் போட்டால் ரோட்டிபர் புகுந்து கோபிபாட்டை ஒழித்துவிடும். இவ்வளவு நுணுக்கமான வேலையை நேற்று சேர்ந்த பையனிடம், அதுவும் குறைந்த சம்பளத்துக்கு, தள்ளிவிடுகிறோமே!

ஆர்ட்டீமியாவை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் வாரத்துக்கு மட்டும் ரோட்டிபரோடு கோபிபாட் நாப்ளியும் சேரட்டும். கழிமுகத்தில் வலை போட்டு அள்ளியதை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். ஒட்டுண்ணியும் கூடவே வரும். பிரித்தெடுத்துச் சுத்தமாக வளர்த்த ஒரே இனத்தை நான்கைந்து பொரிப்பகங்கள் பகிர்ந்து வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் வளர்ப்பு அழிந்தால் அடுத்தவரிடம் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது கோபிபாட் தின்னும் ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசியையும் சேர்த்தே கேளுங்கள். கோபிபாட் வந்து சேரும் முன்பே பாசித் தொட்டி தயாராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உயிர் உணவுப் பிரிவில் வேலை பார்ப்பவன்