ஒரே ஒரு இடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புராணங்களை வைத்து வரும் கணினி விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ஏஜ் ஆஃப் மித்தாலஜி’யைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதன் சாரம் இதுதான்: மூன்று நாட்டுப் புராணங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அதில் கதை என்று ஒன்றும் இல்லை. வெட்டி ஒட்டியது உண்மை. ஆனால் அவர் மிஷன் எனப்படும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே வரும் வசனக் காட்சிகளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார் என்று தோன்றுகிறது.

முதலில் அவர் பேசிய கேம்பெய்னுக்கே, அதாவது கதையாக ஆடும் பகுதிக்கே வருகிறேன். என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2002-ல் வெளிவந்த விளையாட்டு அது; வளம் சேர்த்து, ஊரைக் கட்டி, படை திரட்டி எதிராளியோடு மோதும் வகை. கேம்பெய்னில் 32 மிஷன்கள். நாயகன் ஆர்கண்டோஸ், அட்லாண்டிஸின் கடற்படைத் தளபதி. எந்தப் புராணத்திலும் இல்லாத ஆள். கடல் தெய்வம் பொசைடனின் சிலைக் கையிலிருந்த திரிசூலத்தைக் கடற்கொள்ளையர்கள் தூக்கிக்கொண்டு ஓட, அங்கே தொடங்கும் கதை டிராய், பாதாளம், எகிப்து, வடநாடு (வட ஐரோப்பா) என்று சுற்றிவிட்டுக் கடைசியில் அட்லாண்டிஸ் மூழ்குவதில் முடிகிறது. பாதாளக் கதவைத் திறந்து அங்கே அடைபட்டிருக்கும் டைட்டன் குரோனோஸை வெளியே விடத் துடிக்கும் கார்கரென்சிஸ் என்ற ஒற்றைக் கண்ணன்தான் வில்லன்.

இந்த வகை விளையாட்டில் ஒவ்வொரு மிஷனிலும் ஆடுபவருக்கு ஒரு வேலை இருந்தாக வேண்டும்: கட்டவோ, இடிக்கவோ, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்க்கவோ. புராணத்தில் இருப்பதெல்லாம் இந்த அச்சுக்குள் வார்க்கப்படுகிறது. டிராய் குதிரை என்றால் முதலில் ஆட்களை அனுப்பி மரம் வெட்டிச் சேர்க்க வேண்டும். செத் வெட்டிப்போட்ட ஒசிரிஸின் உடல் புளூட்டார்க் சொல்லும் கதையில் 14 துண்டு. இங்கே அந்தத் துண்டுகள் வண்டியில் ஏறிவிடுகின்றன, வண்டிக்குக் காவல் போவது நம் பாடு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மனிதர்களைப் பன்றிகளாக்கும் சூனியக்காரி சர்சியின் தீவில் இதே அச்சு அருமையாக வேலை செய்கிறது. மிஷன் தொடங்கும்போதே நம் ஆட்கள் பன்றிகள். எதையும் கட்ட முடியாது, படை எடுக்க முடியாது. அந்தப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு ஜீயஸ் கோயிலைத் தேடிப் போனால்தான் மனித உருவம் திரும்பும். ஹோமரின் ஒடிசி காவியத்தில் நாயகன் ஒடிசியஸ் பன்றியாக மாறாமல் தப்பிவிடுகிறான், நாமும் அவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். இங்கே அந்த வசதி இல்லை.

இன்னொரு மரபையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். கேம்பெய்ன் நாயகர்கள் சாவதில்லை. உயிர் தீர்ந்தால் கீழே விழுந்து கிடப்பார்கள். நம் ஆட்கள் பக்கத்தில் போய் நின்றால் எழுந்துவிடுவார்கள். அடுத்த மிஷனுக்கு அவர்கள் வேண்டுமே! நாயகன் சாக முடியாது என்று ஆன பிறகு ஆபத்தை எங்கிருந்து கொண்டுவருவது? மாறுவேடத்திலிருந்துதான். வடநாட்டில் கொடியைக் கொடுத்து வழிகாட்டும் ஸ்கல்ட் என்ற கிழவர் கடைசியில் வஞ்சகத் தெய்வமான லோகியாக இருக்கிறார். கார்கரென்சிஸின் தலையை வெட்டிவிட்டோம் என்று நிம்மதியாகக் கப்பல் ஏறினால், அது அவனுடைய கையாள் கெம்சிட்டின் தலை. 2003-ல் வந்த ‘தி டைட்டன்ஸ்’ தொடர்ச்சியில் ஆர்கண்டோஸின் மகன் காஸ்டரும் இப்படித்தான் வேடதாரி ஒருவனிடம் ஏமாறுகிறான். கதை எழுதியவர்களுக்குக் கற்பனை வறண்டுபோனதால் வந்த திருப்பங்களாக இவற்றை நான் பார்க்கவில்லை. ஆட்டத்தின் விதி அவர்களை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது.

எனக்குள்ள உண்மையான மனக்குறை அஜாக்ஸ் விஷயத்தில். டிராய்ப் போரில் செத்த அகிலீஸின் கவசம் தனக்குக் கிடைக்காமல் ஒடிசியஸுக்குப் போன அவமானத்தில் தன் வாள் மேலேயே விழுந்து செத்தவன் அவன். இந்த விளையாட்டில் அவன் ஆர்கண்டோஸுக்குத் தோழனாகக் கலகலவென்று உலகம் சுற்றுகிறான். கிரேக்கக் கதைகளிலேயே கனமான சண்டைகளில் ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. கட்டுரையாளர் இதைப் பிடித்திருந்தால் நானும் சேர்ந்து கைதட்டியிருப்பேன்.

சரி, கேம்பெய்னை விட்டுவிட்டு வெறும் ஆட்டத்துக்கு வருவோம். தெய்வத்தின் அருள் என்பது இங்கே உணவு, மரம், தங்கம் போல ஒரு வளம். கிரேக்கர்கள் கோயில் வாசலில் நின்று வழிபட்டு அதைச் சேர்க்கிறார்கள். எகிப்தியர்கள் நினைவுச் சின்னங்கள் எழுப்பிச் சேர்க்கிறார்கள். வடநாட்டவருக்குச் சண்டை போட்டால்தான் அருள் வரும்; அவர்கள் ஊரில் கட்டடங்களைக் கட்டுவதும் பெரும்பாலும் படைவீரர்கள்தான். ஒரு வசனம்கூட இல்லாமல் மூன்று சமூகங்கள் தம் கடவுளோடு வைத்திருந்த உறவு நம் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. நான் சொல்லும் கதை இதுதான்.

நாயகர்களிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. கிரேக்கர்களாக ஆடுபவர் தொடக்கத்தில் ஒரு தெய்வத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜீயஸைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் நால்வரில் ஒருவன் ஒடிசியஸ். பொசைடனைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பவர்களில் ஒருவன் ஒற்றைக் கண் அரக்கன் பாலிஃபீமஸ், ஒடிசியஸ் கண்ணைக் குத்திவிட்டு ஓடிவந்த அதே பாலிஃபீமஸ். ஆளுக்கொரு தெய்வத்தை எடுத்து இரண்டு பேர் ஆடினால், அந்த இருவரும் ஏதோ ஒரு தங்கச் சுரங்கத்தின் பக்கத்தில் மறுபடி மோதிக்கொள்ளக்கூடும். அந்தச் சந்திப்புக்கு யாரும் வசனம் எழுதவில்லை.

இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த கதைசொல்லல் என்று நான் நினைப்பது தெய்வ சக்திகளை. 2002 பதிப்பில் ஒவ்வொரு சக்தியையும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறைதான் ஏவ முடியும். ஜீயஸின் இடி ஒற்றை எதிரியை நொடியில் சாய்த்துவிடும். எதிராளி முதலில் காளைத் தலை கொண்ட ஒரு மினோட்டாரை அனுப்பி நம் குடிமக்களைத் துவம்சம் செய்கிறான். இடியை இப்போதே போடுவதா? பின்னால் அவன் கொலோசஸ் என்ற ராட்சத உலோக உருவத்தைக் கொண்டுவந்தால் என்ன செய்வது? கை அந்தப் பட்டனுக்குப் போகும், திரும்பும். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்து, இரவுப் போரில் கடோத்கஜன் மேல் எறிய வேண்டிவந்த கர்ணனின் நிலைமை இதேதான். பாரதத்தைப் படிக்கும்போது அந்த இடத்தில் கர்ணனுக்காக வருந்துகிறோம். இங்கே தவறான நேரத்தில் எறிவதும் நாமே.

2024 செப்டம்பரில் வந்த ‘ரீடோல்ட்’ மறுபதிப்பு இந்த இடத்தில் கைவைத்துவிட்டது. முதல் தடவைக்குப் பிறகும் அருளைச் செலவழித்துச் சக்திகளைத் திரும்பத் திரும்ப ஏவலாம். ஆட்டம் சுறுசுறுப்பாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். காட்சிகளும் பிரமாதம். ஆனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு இடியை எறியக் கை தயங்குவதே இல்லை. போட்டியாக ஆடுபவர்கள் இதை வரவேற்கிறார்கள், அவர்கள் காரணமும் புரிகிறது. கதைக்கு இது நஷ்டம் என்பதுதான் என் கட்சி.

மகாபாரதத்தை வைத்து இப்படி ஒரு விளையாட்டு வர வேண்டும் என்று கட்டுரையாளர் ஆசைப்பட்டிருந்தார். வரட்டும். ஆனால் அர்ஜுனனின் தேரை எவ்வளவு அழகாக வரைவது என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம். நம் புராணங்களில் அருள் எப்படிக் கிடைக்கிறது? தவத்தால். கடவுளுக்கு எதிரியாக இருந்தாலும் தவம் செய்தவனுக்கு வரம் கொடுத்தாக வேண்டும், கொடுத்த வரத்துக்குள் ஓர் ஓட்டையும் இருக்கும். இரணியன் பகலும் இரவும் வேண்டாம் என்று கேட்டான், அந்தியில் மாட்டிக்கொண்டான். எதிராளி வாங்கிய வரத்தின் வாசகம் திரையில் நம் கண்ணுக்கும் தெரிகிறது, அதில் விட்டுப்போனது எது என்று கண்டுபிடித்துத்தான் அவனைச் சாய்க்க முடியும் என்று வையுங்கள். அப்படி ஒரு விதியோடு வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். கிரேக்கர்களுக்குப் போட்ட விதியை அப்படியே வைத்துக்கொண்டு, ஜீயஸுக்குக் கிரீடத்தை மாற்றி இந்திரன் என்று பெயர் வைத்தால், கட்டுரையாளர் குறைப்பட்டுக்கொண்ட அதே வெட்டி ஒட்டும் வேலைதான்.

அப்புறம், ஒரு சிறு திருத்தம். டிராய் குதிரைக் காட்சி இலியட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று கட்டுரையில் இருந்தது. இலியட் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரை அதில் வருவதே இல்லை. ஒடிசியில் ஒரு பாடகன் பாடுவதாக வரும். விரிவாகப் படிக்க வேண்டுமென்றால் வர்ஜிலின் ஈனியட்டில் இரண்டாம் காண்டத்தைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி