கொதிக்கிற ஊற்று என்றால் மின்சாரம் கொட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த புவிவெப்ப மின்சாரக் கட்டுரையைப் படித்தேன். பனிப்பிரதேச வெந்நீர் ஊற்றுகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றும் இத்தனை டிகிரி என்று போட்டு, கடைசியில் அள்ள அள்ளக் குறையாத மின்சாரம் என்று முடித்துவிட்டீர்கள். ஊற்றின் சூட்டை மட்டும் வைத்து இப்படிக் கணக்குப் போடலாமா? அதுவும் நிலத்தடி மண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கிற இடங்களில்?

அலாஸ்காவில் நோம் நகருக்கு வடக்கே பில்கிரிம் என்றொரு ஊற்று இருக்கிறது. சுற்றிலும் மரமில்லாத துந்திரா, ஊற்றுப் பக்கம் மட்டும் உறைநிலம் உருகி பாப்லர் மரங்கள் நிற்கும். 1918 இன்ஃப்ளூயன்சாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வைத்து அங்கே ஒரு விடுதி நடத்தி, காய்கறித் தோட்டமும் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் 81 டிகிரி. 1979-லும் 1982-லும் போர்வெல் போட்டபோது சில பத்து மீட்டரிலேயே 90 டிகிரி கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குக் கீழே போனால் சூடு ஏறுவதற்குப் பதில் குறைந்தது! எங்கோ ஒரு விரிசல் வழியாக மேலே ஏறும் வெந்நீர், ஆழமில்லாத அடுக்கில் பக்கவாட்டில் பரவிக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்த விரிசல் எங்கே என்று தெரியாமல் போர் போட்டால் காசு போவதுதான் மிச்சம்.

2010-க்குப் பிறகு அலாஸ்கா பல்கலைக்கழகத்தார் விமானத்திலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, தரை வழியாக எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கணக்கிட்டார்கள். மின்காந்த அளவையும் நடந்தது. உறைந்த மண் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, உப்புக் கலந்த வெந்நீர் நன்றாகவே கடத்தும், அதனால் உருகிய பகுதி படத்தில் தனியாகத் தெரிந்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு வந்த மதிப்பீடு ஏறக்குறைய 2 மெகாவாட்தான். அதையும் நோமுக்குக் கொண்டுபோக 100 கி.மீ. அளவுக்குக் கம்பி இழுக்க வேண்டும்.

இதனால் புவிவெப்பமே ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. அதே அலாஸ்காவில் செனா (Chena) என்ற வெந்நீர் ஊற்றில் தண்ணீர் வெறும் 74 டிகிரி, ஆனாலும் 2006-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பிரிட்ஜைத் தலைகீழாக ஓட்டுவது மாதிரி, குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும் ஆர்-134ஏ என்ற குளிரூட்டித் திரவத்தை வெந்நீரின் சூட்டில் ஆவியாக்கி டர்பைனைச் சுற்றவிட்டு, பக்கத்தில் கிடைக்கும் சில்லென்ற தண்ணீரில் அதைத் திரும்பக் குளிரவைக்கிறார்கள். வெந்நீருக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான் இங்கே சரக்கு, குளிர்நாடு என்பதே லாபம். டீசலில் ஓட்டியபோது யூனிட்டுக்கு 30 சென்ட் ஆனது, இது வந்தபின் ஐந்தாறு சென்டாகக் குறைந்தது என்றார்கள். (கோடையில் அங்குள்ள பனிச்சிற்ப மண்டபம் உருகாமல் பார்த்துக்கொள்வதும் அதே வெந்நீரின் சூட்டில் ஓடும் குளிர்விப்பு இயந்திரம்தான்!) ஆனால் தொடங்கியபோது இருந்தவை 200 கிலோவாட் இயந்திரங்கள் இரண்டு, பயன்படுத்துவதும் ஊற்றை ஒட்டிய சுற்றுலா விடுதியே. அளவான ஆசை, அதனால் பலித்தது.

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் சோதனை நிலையத்துக்கு 2021-ல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது உங்களுக்கே தெரியும். அதைப் பற்றி எழுதும்போதாவது ஊற்று எத்தனை டிகிரி என்பதோடு நிறுத்தாமல், நொடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது, ஆழத்தில் சூடு ஏறுகிறதா இறங்குகிறதா, மின்சாரம் போய்ச் சேர வேண்டிய ஊர் எவ்வளவு தூரம் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்