கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விருந்தில் சாப்பிட்ட 40 பேருக்கு வாந்தி பேதி என்றால் செய்தி வருகிறது, அலுவலர்கள் வந்து மாதிரி எடுக்கிறார்கள். அதே வாரம் அதே ஊரில் வீட்டுக்கு ஒருவராகப் படுத்துக் கிடப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எண்ணிக்கையில் அவர்களே மிக அதிகம். ஆய்வக முடிவுகளை வைத்து எண்ணும் அமெரிக்காவில்கூட, உணவு வழி பரவும் குடல் கிருமிகளில் ஒன்றான கேம்பைலோபாக்டரின் நோயாளிகளில் 100க்கு ஒருவர்கூடக் கூட்டாகப் பாதிக்கப்பட்டவர் இல்லை. சால்மோனெல்லா என்ற கிருமியில் 10க்கு ஒருவருக்கும் குறைவு. ஈ.கோலை கிருமியின் ஓ157 வகையில் மட்டும் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர்.

இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பங்கு காரணம் கிருமியின் குணம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் விதைமணிகள் (ஸ்போர் எனப்படும் உறங்குநிலை வடிவம்) கொதியிலும் சாகாது. அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் இந்தக் கிருமி சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். வீட்டுச் சட்டியில் உள்ள 2 லிட்டர் குழம்பு அதற்குள் ஆறிவிடும். அதனால்தான் இது பந்தியைத் தேடி வருகிறது. கேம்பைலோபாக்டர் இதற்கு நேர்மாறு. காற்றுப்பட்ட உணவில் அது பெருகாது, ஆனால் சில நூறு கிருமிகளே நோய்க்குப் போதும். கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறித்த நீர், அதே பலகையில் நறுக்கிய வெள்ளரிக்காய், அதைத் தின்ற ஒருவர்: அத்தோடு முடிந்தது. ஆகவே கூட்டுப் பாதிப்புகளின் பட்டியலை வைத்து வீட்டுச் சமையலறைக்குப் பாடம் சொல்வது சரியாகாது.

தனி ஒருவர் நோயுறும்போது பழி பெரும்பாலும் கடைசி வேளை உணவின் மேல் விழுகிறது. பழைய சோற்றை வறுத்த ஃப்ரைடு ரைஸில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் நஞ்சு இருந்தால் 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி வரும் (திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது). அங்கே பழி சரி. சால்மோனெல்லாவுக்கு 6 மணி நேரம் முதல் 6 நாள் வரை ஆகலாம், கேம்பைலோபாக்டருக்கு வழக்கமாக 2 முதல் 5 நாள். மஞ்சள் காமாலை ஏ வகைக்கு ஏறக்குறைய 4 வாரம். நேற்றிரவுப் பரோட்டாவைத் திட்டுவதில் பயனில்லை.

தனித்தனி நோயாளிகளை ஒப்பிட்டால்தான் பொதுக் காரணம் புலப்படும். 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோது முதலில் வெள்ளரிக்காய் மேல் சந்தேகம் விழுந்தது. ஓர் உணவகத்தில் யார் எதை வாங்கினார்கள், அதில் என்னென்ன போட்டார்கள் என்று சமையல்காரரிடம் கேட்டு அலசியபோது முளைகட்டிய பயறு அகப்பட்டது. வெந்தய விதை வரை தடம் போனது. தட்டின் ஓரத்தில் தூவிய முளை நோயாளிகளில் பலருக்கு நினைவிலேயே இல்லை.

எனவே மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரத்தம் கலந்த பேதி, கடும் காய்ச்சல், 3 நாளைத் தாண்டிய பேதி என்றால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மல மாதிரி எடுங்கள். 2 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராது என்றால் மாதிரியில் உள்ள கிருமிகளைச் சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வையுங்கள். மருந்து உள்ளே போனபின் எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போக வாய்ப்பு அதிகம். வீட்டார் முந்தைய 5 நாள் சாப்பாட்டை, தண்ணீர், மோர், சட்னி உட்பட, எழுதி வையுங்கள். மிச்ச உணவைச் சுத்தமான மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம்: உறைந்தால் பெர்ஃபிரிஞ்சென்ஸ் பெரும்பாலும் செத்துவிடும்.

தங்கள் நிருபர்களும் இனி எத்தனை பேர் என்பதோடு, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து முதல் ஆளுக்கு வாந்தி வந்தது என்றும் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உணவு நுண்ணுயிரியல் பயிற்றுநர், மதுரை